ஓட்டைகளில் ஒரு பெயர்

திருவெறும்பூரிலிருந்து ஸ்ரீரங்கம் போகும் பஸ். பக்கத்து சீட்டில் எழுபது வயது அம்மா ஒருவர் வாரப்பத்திரிகை படிக்கிறார். பக்க அடையாளத்துக்கு அவர் வைத்திருக்கும் அட்டை முழுக்கச் சின்னச் சின்ன ஓட்டைகள்.

"என்னங்கம்மா இது?"

"என் பேருங்க. அப்பல்லாம் கம்ப்யூட்டருக்கு இப்படி ஓட்டை போட்டுத்தான் விவரம் கொடுப்போம். ஃபேக்டரில எனக்கு அதான் வேலை. முதல் நாள் பழகுறப்ப அடிச்சது."

ஓட்டைகளைத் தடவிப் பார்க்கிறேன். ஓர் எழுத்தும் பிடிபடவில்லை.

"ரொம்ப வருஷம் வேலை பார்த்தீங்களா?"

"ரிட்டயர் ஆகுற வரைக்கும் அதே ஃபேக்டரிதான். நிச்சயம் பண்ணின மாப்பிள்ளை வீட்டுல வேலைய விடச் சொன்னாங்க. நான் மாப்பிள்ளைய விட்டுட்டேன்."

"வருத்தமா இல்லையா?"

"அந்த வாரம்தான் புது கம்ப்யூட்டர் வந்து இறங்குச்சு. அது எப்படி வேலை செய்யுதுன்னு பார்க்கிற அவசரத்துல, வருத்தப்பட நேரமில்லைங்க."