அம்புக்குறி போட்ட பக்கிள்

ஐம்பதுகளின் கடைசியில் ஒரு வெள்ளைக்காரப் பட்டாளத்துக் கிடங்கில் எனக்கு மரப்பெட்டி அடிக்கும் வேலை. காலையில் நாங்கள் குடியிருந்த தேக்காவிலிருந்து லாரியில் ஏற்றிப் போவார்கள். சாயங்காலம் கொண்டுவந்து இறக்குவார்கள். சுத்தியல், ரம்பம், உளி எல்லாம் நம்முடையது. கித்தான் முதுகுப்பையில் போட்டு நாமே சுமக்க வேண்டும்.

பை கிழியவில்லை. ஒருநாள் தோள் வார்தான் அறுந்தது. வாரை மாட்டும் பக்கிளின் நாக்கும் ஒடிந்துவிட்டது. சுங்கை ரோடு சந்தையில் சாக்கை விரித்துக் கொட்டியிருந்த பழைய சாமானில் ஒரு பித்தளைப் பக்கிள் கிடைத்தது. கறுத்துப்போயிருந்தது. ஆனால் நல்ல கனம். வாரின் நுனியை மடித்துப் பக்கிளைக் கோத்தேன். குத்தூசியால் துளை போட்டு, மெழுகு தேய்த்த நூலால் கட்டம் கட்டி, குறுக்கே பெருக்கல் குறி மாதிரியும் தைத்தேன். யானையைக் கட்டலாம்.

அதோடு விட்டிருக்கலாம். பித்தளையைக் கறுப்பாக விட மனசு வரவில்லை. வீட்டில் வெள்ளிக்கிழமை விளக்கு தேய்த்து மீந்த புளி இருந்தது. பக்கிளையும் தேய்த்தேன். குத்துவிளக்கு மாதிரி மின்னியது. அதன்மேல் ஒரு அம்புக்குறியும் தெரிந்தது. அழகுக்குப் போட்டது என்று நினைத்தேன்.

அரசாங்கச் சாமானுக்குப் போடும் குறி அது. மறுநாள் சாயங்காலம் வாசலில் பை சோதிக்கும் காவல்காரர் சொல்லித்தான் தெரிந்தது. தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள்.

"என்னண்ணே, கவர்ன்மென்ட் பக்கிள முதுகுலயே மாட்டிக்கிட்டுப் போறீங்க?"

"சந்தையில வாங்குனது."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது லா. குறி இருக்கு. ஸ்டோர்ல ஒப்படைச்சுட்டு வாங்க. பாஸ் அப்புறம்."

என் பாஸை மேசைக்குள் வைத்துப் பூட்டினார். பாஸ் இல்லாமல் நாளைக்கு உள்ளே விடமாட்டார்கள். வேலை போய்விடும்.

ஸ்டோர்கீப்பர் யாழ்ப்பாணத்துக்காரர். பக்கிளைப் பார்த்தார். தொடவில்லை.

"எங்கட ஸ்டோரில ஒண்டும் குறையேல்ல."

"அப்ப இது உங்களுது இல்லைன்னு சொல்லுங்க."

"எங்கடதுதான். குறி இருக்கே."

"அப்ப எடுத்துக்குங்க."

"குறைஞ்சால் களவு எண்டு சொல்லலாம். கூடினால் என்னத்தைச் சொல்லுறது? கொண்டு போம்."

வாசலுக்குத் திரும்பினேன். குறி போட்ட சாமான் வெளியே போகாது என்றார் காவல்காரர். உள்ளே வராது என்றிருந்தார் ஸ்டோர்கீப்பர். இரண்டு பேர் சொன்னதும் சட்டம். லாரிக்காரன் ஹாரன் அடித்தான்.

உளியை எடுத்துத் தையலை அறுத்தேன். முந்தின நாள் பாடுபட்டுப் போட்ட தையல். வாரைப் பையோடு முடிச்சுப் போட்டுவிட்டு, பக்கிளைக் காவல்காரர் மேசையில் வைத்தேன்.

"இங்கேயே இருக்கட்டும். பாஸ் குடுங்க."

"எம் மேசையில வைக்காதீங்கண்ணே. தொரை இப்ப ரவுண்ட்ஸ் வருவாரு. எங்கிட்ட எப்படி வந்துச்சுன்னு கேப்பாரு."

"சந்தையில வாங்குனதுன்னு சொல்லுங்க."

"யாரு நம்புவா?"

அவர் ரோட்டைப் பார்த்தார். மேசையைத் திறந்து பாஸைக் கையில் கொடுத்தார். பக்கிளைக் காகிதத்தில் சுற்றி, என் பைக்குள் சுத்தியலுக்கு அடியில் அவரே திணித்தார். பிறகு, சோதனை முடிந்தது, போகலாம் என்றார்.

லாரியில் எல்லாரும் காத்திருந்தார்கள்.

"என்னப்பா, திருடி மாட்டிக்கிட்டியா?" என்றான் ஒருத்தன்.

"இல்ல. குடுக்கப் போனேன். யாரும் வாங்க மாட்டேங்குறாங்க."