மாதிரி வீட்டுக்காரன்

சம்பந்தி என்பது அவனுடைய பெயரல்ல. கல்லூரி விடுதியில் எதிரே யார் வந்தாலும், வாட்ச்மேன் உட்பட, "வாங்க சம்பந்தி" என்றுதான் கூப்பிடுவான். கடைசியில் அந்தப் பட்டம் அவன் தலையிலேயே வந்து உட்கார்ந்துகொண்டது. பெண் கொடுத்ததும் இல்லை, எடுத்ததும் இல்லை, விடுதிக்கே சம்பந்தி.

படிப்பு முடிந்ததும் அவன் கல்யாணம் செய்துகொண்டு, கையோடு கடல் தாண்டி வேலைக்குப் போனான். எனக்கு வேலை கிடைக்காததால் மேல்படிப்பு என்று சொல்லிக்கொண்டு இன்னொரு நாட்டுக்குப் போனேன். விடுமுறை விட்டால் என்னோடு படிக்கிறவர்கள் முதுகில் பெரிய பையை மாட்டிக்கொண்டு தேசம் தேசமாகத் திரிவார்கள். நானும் ஒரு பை வாங்கினேன். மற்றவர்கள் வரைபடத்தில் மலை, அருங்காட்சியகம் என்று குறித்துக்கொண்டார்கள். நான் எங்கே தெரிந்தவர் வீட்டில் சோறு கிடைக்கும் என்று பார்த்தேன். என் வரைபடத்தில் ஒரே ஒரு புள்ளி விழுந்தது.

"நம்ம வீடு இருக்கும்போது நீ எதுக்குடா லாட்ஜ் கீட்ஜ்னு அலையறே? நேரா வா," என்றான் சம்பந்தி போனில்.

ரயில், பேருந்து, மறுபடி ரயில் என்று மாறி மாறி, கசங்கிப்போய் அவன் ஊரில் இறங்கினேன். அவன் என்னை நேராக வேலை செய்யும் இடத்துக்கு அழைத்துப் போனான். ஒரு கட்டடக் கம்பெனி. அடுக்குமாடி இன்னும் எழும்பவில்லை. ஆனால் வாசலிலேயே மாதிரி வீடு ஒன்று தயாராக நின்றது. வாங்க வருகிறவர்களை அதற்குள் அழைத்துப் போய்ச் சுற்றிக் காட்டுவதுதான் சம்பந்தியின் வேலை.

சும்மா சொல்லக் கூடாது, கண்ணைப் பறிக்கிற வீடு. டிவி அட்டையில் செய்தது. அலமாரியில் இருந்த புத்தகங்களுக்கு முதுகு மட்டும்தான் இருந்தது, வயிறு இல்லை. குழாயைத் திறந்தேன், காற்றுகூட வரவில்லை.

"கட்டில் சின்னதா இருக்கேடா?"

"அளவு குறைச்சுத்தான் செய்வோம். அப்பதான் ரூம் பெருசாத் தெரியும்."

"கதவையும் காணோம்."

"வாசக்கதவைத் தவிர எல்லாத்தையும் கழட்டிடுவோம். கதவு இருந்தா கண்ணு அதுல முட்டி நின்னுடும்."

எவ்வளவு யோசித்திருக்கிறார்கள் என்று வியந்தேன். அந்த வியப்பு அவனுடைய வீட்டுக்குப் போகும்வரை நீடித்தது.

அவன் வாடகைக்கு எடுத்திருந்தது ஒரு கூடம், ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை. நல்ல வீடுதான். அதை அவன் தொழில் சுத்தமாக அலங்கரித்திருந்தான். கம்பெனியில் மாதிரி வீட்டை மாற்றும்போதெல்லாம் பழைய சாமான்களை ஊழியர்களுக்கே கொடுத்துவிடுவார்களாம். ஆகவே கட்டில் அதே அரைகுறைக் கட்டில். சோபாவில் நான் உட்கார்ந்தபோது என் முழங்கால் என் தாடையோடு பேசியது. துணி அலமாரியில் ஹேங்கரை மாட்டினால் அலமாரி மூடவில்லை. வீட்டுச் சொந்தக்காரர் வைத்திருந்த உள்கதவுகளை எல்லாம் கழற்றி பால்கனியில் அடுக்கி, மேலே ஒரு துணி போர்த்தி வைத்திருந்தான்.

"பாத்ரூம் கதவுமாடா?"

"அதை வச்சா வீடு சின்னதாத் தெரியும்."

"சின்ன வீடுதானேடா."

அவன் என் பையை ஒரு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு, அது கூடத்தின் நிறத்துக்கு ஒத்துவரவில்லை என்று பால்கனிக்குக் கொண்டுபோனான். இருந்த இரண்டு நாளும் நான் குளிக்கப் போனால் அவன் கீழே தெருவுக்கு இறங்கிவிடுவான். உள்ளே ஆள் இருப்பது தெரியட்டும் என்று நான் பாடிக்கொண்டே குளிப்பேன். என் குரலுக்குக் கதவு இருந்தாலும் பயனில்லை என்று பக்கத்து வீட்டுக்காரர் நினைத்திருப்பார்.

இத்தனை கூத்தும் எதற்கென்று முதல்நாள் சாயங்காலம் முட்டை பொரித்துச் சாப்பிடும்போது சொன்னான். சாப்பிட்டது நின்றுகொண்டு. சாப்பாட்டு மேசையில் தட்டும் கரண்டியும் ஏற்கெனவே அடுக்கியிருந்தன. அவற்றைக் கலைக்கக் கூடாது.

"நாளன்னிக்கு அவ வரா," என்றான். அவனுடைய மனைவி. ஊரில் ஒரு பல் டாக்டரிடம் உதவியாளர். வந்தவர்களையெல்லாம் வாயைத் திறக்கச் சொல்லும் வேலை, ஆனால் தன் வாயை அதிகம் திறக்காதவள். கல்யாணமாகி மூன்று வருடத்தில் அவர்கள் சேர்ந்து இருந்தது முதல் சில வாரங்கள்தான். அவன் கூப்பிடும்போதெல்லாம் ஏதோ ஒரு காரணம் சொல்லித் தட்டிக் கழித்துக்கொண்டே வந்திருக்கிறாள்.

"இப்ப லீவு போட்டுட்டு வரா. வந்து பார்க்கறேன், பிடிச்சா இருக்கேன், பிடிக்கலைன்னா லீவு முடியறதுக்குள்ள திரும்பிடுவேன்னு பட்டுனு சொல்லிட்டா." தட்டை மடமடவென்று கழுவித் துடைத்து உள்ளே வைத்தான். "எத்தனை பேருக்கு வீட்டைப் பிடிக்க வச்சிருக்கேன்டா நான். என் பொண்டாட்டிக்குப் பிடிக்க வைக்க மாட்டேனா?"

எனக்குப் பாவமாக இருந்தது, கோபமும் வந்தது. கதவை மாட்டித் தொலைடா என்று சொல்ல வாயெடுத்தேன். ஓசிச் சோறு தொண்டையில் நின்று தடுத்துவிட்டது.

மறுநாள் முழுக்க ஒத்திகை. நான் வாசலில் செருப்பைக் கழற்றி உள்ளே வரவேண்டும், முதலில் கண் எங்கே போகிறதென்று சொல்லவேண்டும். சமையலறைக்கு, பசிக்கிறது என்றேன். விளக்கைத் திருப்பி வைத்து மறுபடி வரச் சொன்னான்.

மூன்றாம் நாள் அவளை அழைத்துவர விமான நிலையத்துக்குப் போனான். காலடிச் சத்தம் கேட்டதும் கூடத்து விளக்கைப் போடுவது என் பொறுப்பு. போட்டேன். அவள் ஒரு பெட்டியோடு உள்ளே வந்தாள், என்னைப் பார்த்து, "நல்லா இருக்கீங்களாண்ணா?" என்றாள். பிறகு பெட்டியை எங்கே வைப்பதென்று சுற்றிலும் பார்த்தாள். அப்படி ஓர் இடமே அந்த வீட்டில் இல்லை. கையிலேயே பிடித்துக்கொண்டாள்.

சம்பந்திக்கு மூன்று வருடம் கழித்து எதிரே நிற்கும் மனைவியிடம் என்ன பேசுவதென்று தெரியவில்லை. தெரிந்ததைப் பேசினான்.

"இது ஹால். காலைல வெயில் நேரா உள்ள வரும், காத்தோட்டம் பிரமாதமா இருக்கும். இந்தப் பக்கம் வாங்க மேடம், இதுதான் மாஸ்டர் பெட்ரூம்..."

மேடம் என்று சொன்னது அவனுக்கே தெரியவில்லை. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவன் பின்னாலேயே நடந்தாள், கட்டிலைப் பார்த்தாள், அலமாரியைத் திறந்து மூடினாள், கதவில்லாத குளியலறையைச் சற்று அதிக நேரம் பார்த்தாள். அவன் ஒன்று விடாமல் ஒப்பித்து முடித்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"வேற எதாவது கேக்கணுமா?"

"நீங்க எங்க படுக்கறீங்க?" என்றாள்.

அந்தக் கேள்வியை இதுவரை எந்த வாடிக்கையாளரும் கேட்டதில்லை போலிருக்கிறது. அவன் என்னைப் பார்த்தான்.

"கிச்சன்ல. கீழ."

"அண்ணா வந்திருக்காருங்கறதாலயா?"

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். விரிப்பை மட்டும் உருவி மடித்து வைத்துக்கொண்டு எனக்குக் கட்டிலைக் கொடுக்கிறான், தான் அடுப்புக்குப் பக்கத்தில் பாயை விரிக்கிறான், நல்ல மனசு என்று.

"இல்ல. வீடு எடுத்ததுலேர்ந்தே அங்கதான்."

"ஏன்?"

"நீ வர்றதுக்குள்ள எதுவும் கசங்கிடக் கூடாதுன்னு."

அவள் சமையலறைக்குள் போனாள். அடுப்பு மேடைக்குக் கீழே சுருட்டி வைத்திருந்த பாயை இழுத்து விரித்தாள். பெட்டியைச் சுவரோரமாக வைத்தாள். பாயில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள். நெடுநேரம் விமானத்தில் மடக்கி வைத்திருந்த கால்.

"பிடிக்கலைன்னா திரும்பிடுவேன்னு சொன்னேன்ல," என்றாள்.

"ம்."

"அது வீட்டைப் பத்திச் சொன்னதில்லை."

சம்பந்தி சமையலறை வாசற்படியிலேயே நின்றான். அவன் முகம் அப்படி வெளிறி நான் பார்த்ததே இல்லை. தேர்வு முடிவு ஒட்டிய அன்றைக்குக்கூட.

"என்னைப் பத்தியா?"

"பின்ன?"

"அப்ப... பிடிச்சிருக்கா?"

"வந்ததுலேர்ந்து வீட்டையே காட்டிட்டிருக்கீங்க," என்றாள். "நீங்க இன்னும் வந்து உக்காரவே இல்லையே."