பாதி முடி எனக்கு, பாதி முடி சவுடம்மாளுக்கு

முருகா! ஆத்தாமாரே, செத்த நேரம் சோத்துப் பானையைப் பாக்காம என் மொகத்தைப் பாருங்க. சோறு எங்கயும் ஓடிப் போகாது. நான் சேவுகம்பட்டிப் பக்கம். பூக்கார வெள்ளையம்மான்னா தெரியாதவுக இல்ல. கையெழுத்துப் போடத் தெரியாது, எனக்கு எப்பவும் பெருவிரலுதான். ஆனா பேச விட்டா பொழுதுக்கும் பேசுவேன். இந்தக் கிருத்திகைக்கு, பழநியாண்டவரு ஒனக்குச் செஞ்சதை நீயே ஒன் வாயால சொல்லுன்னு பஜனைக்காரவுக கேட்டாக. சொல்லிப்புடுறேன்.

வருசம் அறுபத்தஞ்சோ அறுபத்தாறோ. அரிசிக்கு சனமெல்லாம் வரிசையில நின்ன காலம். எனக்கு மூணு புள்ளைக. கடைக்குட்டி பால் மறந்து ரெண்டு வருசம் ஆயிருச்சு. ஒருநா தோட்டத்துல கனகாம்பரம் பறிச்சிட்டு மடியை அவுக்கிறேன், இடது மாருல நெல்லிக்கா கணக்கா ஒண்ணு தட்டுப்பட்டுச்சு. வலிக்கல. வலிச்சிருந்தா யாருகிட்டயாச்சும் சொல்லியிருப்பேன். தேள் கொட்டுனா ஊரைக் கூட்டுறோம், வலிக்காத சீக்கை வச்சுக்கிட்டு சும்மா இருக்கோம். நானும் இருந்தேன். மாருன்னு வாயால சொல்லவே வெக்கம் எனக்கு. நெல்லிக்கா எலுமிச்சங்கா ஆச்சு. அப்பவும் மூடி மூடி வச்சேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, எண்ணெ தேச்சுக் குளிக்கிறப்ப எங்க அத்தை, அதான் எம் மாமியா, முதுகு தேச்சு விட்டாக. கை பட்டுருச்சு.

"என்னாடி இது?"

"ஒண்ணுமில்ல அத்தை. பால் கட்டு."

"புள்ள பால் மறந்து ரெண்டு வருசமாச்சு. இப்ப யாருக்குடி பாலைக் கட்டி வச்சிருக்க? ஒம் மாமனாருக்கா?"

சிரிக்காதீக. அன்னைக்கு அவுகளும் சிரிக்கல. அந்தக் கையோட அங்கனயே ஒக்காந்துட்டாக. எங்க ரெண்டு பேருக்கும் ஆகவே ஆகாது, அது ஊருக்கே தெரியும். நான் வெஞ்சனத்துக்கு உப்புப் போட்டா, அவுக மறுபடி போடுவாக. ஆனா மறுநா காலையில எம் புருசனை எழுப்பி, "ஏலே, இவளைக் கூட்டிக்கிட்டு திண்டுக்கல்லுக்குப் போ"ன்னு வெரட்டுனது அவுகதான்.

திண்டுக்கல்லு டாக்டரு பாத்தாரு. இங்க ஆகாது, மதுரைக்குப் போங்கன்னாரு. புத்துன்னு சொன்னாரு. எங்களுக்குப் புத்துன்னா பாம்புப் புத்துதான் தெரியும். பஸ்ஸேறி வீட்டுக்கு வந்தோம். கடைக்குட்டி வாசல்ல நின்னு, "ஆத்தா, எனக்கு என்னா வாங்கியாந்த?"ன்னு கேட்டுச்சு. உள்ள போயி வெளக்கேத்தி, பழநியாண்டவர் படத்துக்கு முன்னாடி விழுந்தேன்.

"ஆண்டவா, எம் புள்ளைக தலையெடுக்கிற வரைக்கும் என்னைய விட்டு வையி. பொழைச்சு எந்திரிச்சா என் முடி பூராவும் ஒனக்கு."

முடின்னா அம்புட்டு முடி. ஒங்களுக்கு இப்பத் தெரியாது. முழங்காலைத் தொடும். நிலக்கோட்டைப் பூச்சந்தையில, "ஏ வெள்ளையம்மா, பூவை வச்சிட்டு முடியை வித்துப் போ"ன்னு கேலி பண்ணுவாக. எங்கிட்ட நகை கெடையாது. இருந்த ஒரே அழகை நேந்துக்கிட்டேன்.

மதுரையில ஒரு ஆஸ்பத்திரியில அறுத்து எடுத்துட்டாக. கண்ணு முழிச்சுத் தொட்டுப் பாத்தா இடது பக்கம் தரிசு போட்ட நெலம் கணக்கா இருக்கு. கையைத் தூக்க முடியல. அழுகை அழுகையா வருது.

பக்கத்துக் கட்டில்ல ஒருத்தி தலையில சுங்கடித் துணியைச் சுத்திக்கிட்டு ஒக்காந்திருந்தா. அவதான் சவுடம்மா. சின்னாளபட்டி நெசவுக்காரி. வீட்டுல கன்னடம் பேசுவாக, நம்மகிட்ட தமிழு. அவளுக்கு வலது பக்கம் எடுத்திருந்தாக. என்னையப் பாத்து மொதல்ல என்னா சொன்னா தெரியுமா?

"அழாதக்கா. ஒனக்கு வலது மிச்சம், எனக்கு இடது மிச்சம். ரெண்டு பேரையும் சேத்தா ஒரு முழுப் பொம்பளை."

ஆத்தாடி! தையல் போட்ட எடம் விண்ணு விண்ணுன்னு தெறிக்குது, நான் சிரிக்கிறேன். நர்ஸம்மா ஓடி வந்து வைஞ்சாக.

இனிமேத்தான் வெனையே. டாக்டரம்மா வந்தாக. அறுத்தது போதாது, ரத்தத்துல ஓடுற வெசத்தை அழிக்க ஊசி போடணும், புதுசா வந்த மருந்துன்னாக. சரின்னேன். வாந்தி வரும்னாக. சரின்னேன். தலைமுடி பூராம் கொட்டிப் போகும்னாக.

"அப்ப வேணாம் தாயி"ன்னுட்டேன்.

டாக்டரம்மாவுக்குக் கோவம். "முடி வேணுமா, உசிரு வேணுமா?"

"முடி என்னுது இல்லம்மா. ஆண்டவருக்கு நேந்தது. அடுத்தவுக பொருளை நான் எப்படி இங்க கொட்டிட்டுப் போவேன்?"

நீங்களே சொல்லுங்க, சாமிக்கு நேந்து விட்ட கெடாயை யாராச்சும் வித்துத் திம்பாகளா? பொழைச்ச பெறகு குடுக்குறேன்னு சொல்லியிருக்கேன். முடி இங்கயே கொட்டிப் போனா, பொழைச்சு எந்த மொகத்தோட மலையேறுவேன்? எம் புருசன் கையெடுத்துக் கும்புட்டாக. "முருகன் கோவிச்சுக்க மாட்டாரு புள்ள, ஊசியைப் போட்டுக்க." "நீங்க போயி கேட்டுட்டு வந்தீகளா?"ன்னேன். செவுத்துப் பக்கம் திரும்பிக்கிட்டாக. தோளு குலுங்குனதை நான் பாத்தேன்.

தொணைக்கு வந்திருந்த அத்தை என்னா சொன்னாகங்கிறீக? கல்யாணமாகி வந்த நாள்ல இருந்து ஒரு வார்த்தைக்கும் எம் பக்கம் நிக்காதவுக, அன்னைக்குப் பாத்து, "அவ சொல்றதுதான் ஞாயம். நேந்ததை அழிச்சா குடும்பம் வெளங்காது"ன்னுட்டாக. அம்புட்டுத்தான். துணிமணியை மூட்டை கட்டியாச்சு. வீட்டுக்குக் கெளம்பியாச்சு.

சவுடம்மா எந்திரிச்சு வந்தா. வந்து மூட்டை மேல ஏறி ஒக்காந்துக்கிட்டா.

"எங்கக்கா கெளம்பிட்ட? சாகவா?"

"எந்திரிடி. அதுல என் சேலை இருக்கு."

"சாகப் போறவளுக்குச் சேலை என்னாத்துக்கு? நான் சொல்றதைக் கேளு. எங்க ஊருல மொதலாளி நூலை முன்னாடி குடுப்பாரு. நாங்க சேலையைப் பின்னாடி குடுப்போம். சேலை வந்தாத்தான் நூலுன்னு அவரு சொன்னா தறி ஓடுமா? நீ முடியை முன்னாடி குடுத்துரு. அந்த ஆண்டவன் ஒன் உசிரைப் பின்னாடி நெய்ஞ்சு குடுக்கட்டும்."

அத்தை விடுவாகளா? "நூலை வாங்கிக்கிட்டு நெய்யாம விட்டுட்டா?"

"நூலை வாங்கிட்டு ஏமாத்துனா எங்க தெருவே காறித் துப்பும் பெரியாத்தா. முருகன் ஏமாத்துவானா? மலை மேல நிக்கிறவனுக்கு மானம் மருவாதி இருக்காதா?"

அத்தை தாடையில கை வச்சு யோசிச்சாக. அப்பறம் எம் புருசனைப் பாத்து, "ஏலே, பழநிக்கு ரயிலு எப்பன்னு கேட்டு வா"ன்னாக. பழநியாண்டவரு அன்னைக்கு சின்னாளபட்டிக்காரி வாயில வந்து பேசுனாரு. இன்னைக்கும் நான் அப்படித்தான் நம்புறேன்.

டாக்டரம்மாவும் நல்லவுகதான். புண்ணு காஞ்ச பெறகு போயிட்டு ஒடனே வந்துரணும்னு அனுப்பி விட்டாக. கெளம்புறப்ப சவுடம்மாகிட்ட போயி, "ஒனக்கும் வேண்டிக்கிறேன்டி"ன்னேன். அவ தலைத் துணியை அவுத்துக் காட்டுனா. தலை வழவழன்னு இருந்துச்சு. அவளுக்கு முன்னாடியே ஒரு ஊசி போட்டிருந்தாக.

"முடி கொட்டும்னு எனக்கு யாரும் சொல்லலக்கா. எம் முடியைத் தலகாணி தின்னுருச்சு. சாமிக்குக் குடுக்க எங்கிட்ட ஒண்ணுமில்ல. ஒன்னுதாவது போயிச் சேரட்டும்."

அம்புட்டு நேரம் எல்லாரையும் சிரிக்க வச்சவ, அப்பத்தான் அழுதா.

ரயிலு முழுக்க அத்தை மடியிலதான் படுத்திருந்தேன். படியேற எனக்குத் தெம்பு இல்ல. அடிவாரத்துலயே முடி எறக்குற கொட்டாயில ஒக்காந்தேன். நாவிதரு தலையை நனைச்சுட்டு, கத்தியை எடுத்தாரு.

"அண்ணே, நில்லுங்க. நடு வகுடு எடுங்க. வலது பக்கம் என் பேருக்கு, இடது பக்கம் சின்னாளபட்டி சவுடம்மா பேருக்கு."

அவரு கத்தியைக் கீழ வச்சுட்டாரு. "ஏனுங்கம்மா, நானும் எத்தனையோ தலை பாத்திருக்கேனுங்க. பங்கு பிரிச்ச தலை இன்னைக்குத்தானுங்க பாக்குறேன். பாகப் பிரிவினைக்கு ஊர்ப் பெரியவங்க யாராச்சும் வேணுமாங்க?"

அத்தை முந்தானையை ஒதறிக்கிட்டு முன்னாடி வந்தாக. "நாந்தான் பெரிய மனுசி. எடப் பக்கம் கொறைச்சுப் புடாத. அந்தப் புள்ள பங்கு."

இடது பக்கத்தை மொதல்ல எடுக்கச் சொன்னேன். "ஆண்டவா, இது அவ நூலு. இது என் நூலு. ரெண்டு பேரையும் கணக்குல வச்சுக்க"ன்னேன். அம்புட்டு முடியும் மடியில விழுந்தப்ப நான் அழுகல. தலை நிமுந்துதான் எந்திரிச்சேன். ராசாத்தி மாதிரி இருந்துச்சு எனக்கு.

சந்தனம் பூசுன தலையோட ஆஸ்பத்திரிக்குத் திரும்புனேன். சவுடம்மாகிட்ட சொன்னேன். நம்பல. அத்தை சத்தியம் பண்ணப்பறம், "எம் பங்கு எந்தப் பக்கம்?"னு கேட்டு, என் தலையில இடது பக்கத்தை மட்டும் தடவித் தடவிப் பாத்துக்கிட்டே இருந்தா.

ஊசி லேசுப்பட்டது இல்ல. கொடலே வாயில வாராப்புல வரும். சோறு வடிக்கிற வாடை ஆகாது, தாளிக்கிற வாடை ஆகாது. நான் வாந்தி எடுக்கிறப்ப சவுடம்மா ஏனத்தைப் பிடிப்பா. அவ எடுக்கிறப்ப நான் பிடிப்பேன். நான் முருகாம்பேன், அவ அவுக கொலசாமி பேரைச் சொல்லிச் சவுடாத்தாம்பா. நாத்தங்கா ஊறுகாயை ஒரு நறுக்கு நாக்குல வச்சு, கம்மங்கஞ்சியை ஊத்தி விடுவாக எங்க அத்தை. ரெண்டு பேருக்கும் ஒரே சொம்பு. ஊசி போடுற நாள் வந்தா நான் பஸ்ஸேறி சின்னாளபட்டியில எறங்குவேன். அவளைக் கூட்டிக்கிட்டு மதுரைக்குப் போவேன். ஒருத்தி "இன்னைக்கு வேணாம்டி"ன்னா மத்தவ இழுத்துக்கிட்டுப் போவா. தனியா இருந்திருந்தா ரெண்டு பேருமே பாதியில விட்டிருப்போம்.

ஊருல பேச்சுக்குக் கொறைச்சலா? புருசன் இருக்கையிலயே மொட்டைத் தலை, தட்டை நெஞ்சுன்னு கொழாயடியில ஒருத்தி சொன்னா. அத்தை கொடத்தைக் கீழ வச்சாக. "எம் மருமக தலை பழநிக்குப் போன தலை. ஒந் தலையில பேனைத் தவிர என்னாடி இருக்கு?"

தட்டை நெஞ்சுக்கும் சவுடம்மா வழி கண்டுபுடிச்சா. மல்லுத் துணியில பை தச்சு, எலவம்பஞ்சை அடைச்சுக் குடுத்தா. பஞ்சு லேசா? கைவீசி நடந்தா தோளுக்கு ஏறிக்கிரும். சரி, கனத்துக்குக் கேப்பையை அடைச்சோம். அருமையா நின்னுச்சு. மழையில நனைஞ்சு வேலை பாத்திருக்கேன், மறுநா பாத்தா பையெல்லாம் மொளை விட்டுக் கெடக்கு! எம் புருசன் சொன்னாக, "தரிசுன்னு அழுதியே புள்ள, நல்ல வெள்ளாமைதான்." சீக்கு வந்தப்பறம் அவுக சிரிச்சதை அன்னைக்குத்தான் பாத்தேன். பெறகு வறுத்த கேப்பையா அடைச்சோம். அது மொளைக்காது.

தூக்க முடியாமக் கெடந்த கையை, அவ என்னையத் தறியில ஒக்கார வச்சு, நாடாவை ஓட்டுற கயித்தை இழுக்க வச்சே சரி பண்ணுனா. மொதநா கத்துனேன். போகப் போக, பூக்கூடையைத் தூக்கித் தலையில வச்சேன். நானே வச்சேன். யாரும் தூக்கி விடல.

எங்க ரெண்டு பேரையும் பாத்துட்டு மத்த பொம்பளைகளும் வர ஆரம்பிச்சாக. நெய்க்காரப்பட்டிப் புள்ள ஒருத்தி என் கையைப் புடிச்சுக்கிட்டு, "ஏனுங்கக்கா, ஒலகத்துலயே எனக்கு மட்டுந்தான் இப்புடின்னு நெனச்சேனுங்க"ன்னு அழுதா. என் ரவிக்கையைத் தொறந்து தழும்பைக் காட்டுனேன். அழுகையை நிறுத்திட்டா. அவளைக் கூட்டிக்கிட்டுப் போனோம். இன்னைக்குப் பேரன் பேத்தி எடுத்து இருக்கா. எல்லாரும் பொழைச்சாகன்னு சொல்ல மாட்டேன், சாமி சந்நிதியில பொய் ஆகாது. எரியோடு ஊருக்காரி ஒருத்தி ரொம்ப நா ஒளிச்சு வச்சிட்டு வந்தா. காப்பாத்த முடியல. ஆனா கடைசி வரைக்கும் எங்க ரெண்டு பேருல ஒருத்தி கை அவ கைக்குள்ள இருந்துச்சு.

ஆண்டவரு எனக்கு உசிரைக் குடுத்தாரு. எம் மூணு புள்ளைகளும் தலையெடுத்து, பேரம்பேத்தி பாத்துட்டேன். சவுடம்மா, இந்தா, முன்னாடி ஒக்காந்து அப்பளத்தை நொறுக்கிக்கிட்டு இருக்காளே, இவதான். பூசை முடியட்டும்னு இருக்க மாட்டா. கைல வேலு வச்சிருக்கிறவரை நம்புங்க. அவரு கத்தியைக் கையில குடுத்து அனுப்புற டாக்டரையும் நம்புங்க. ஒண்ணை விட்டுட்டு ஒண்ணைப் புடிக்காதீக.

அம்புட்டுத்தான், எலையைப் போடுங்க.

ஏத்தா, அந்தத் தூணோரமா பச்சைச் சேலை. ஒன்னையத்தான். யாரும் திரும்பிப் பாக்காதீக, அது கூச்சப்படும். நான் பேச ஆரம்பிச்சதுல இருந்து முந்தானையை இழுத்து இழுத்து ஒரு பக்கத்தையே மூடிக்கிட்டு இருக்க. பயப்படாத. மொதல்ல வயிறாரச் சாப்புடு. கையைக் கழுவிட்டு எங்கிட்ட வா. நாளைக்கு மொத பஸ்ஸுக்கு நாங்க ரெண்டு பேரும் ஒங்கூட வாரோம்.