தம்பியின் முதுகும் அக்காவின் முகமும்

எங்கள் தெருவில் ஒரு பூட்டுக்காரர் இருக்கிறார். தொழிற்சாலையில் பூட்டுக்கு உள்பாகங்கள் பொருத்துவது அவர் வேலை. சின்ன வயதுக் காய்ச்சலில் காது போயிற்று. கண் அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக. வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. அவரிடம் ஏதாவது சொல்ல வேண்டுமானால் உள்ளங்கையில் விரலால் எழுத வேண்டும். அந்த உள்ளங்கை பல வருஷமாக அவருடைய அக்காவின் தனிச்சொத்து. உலகச் செய்தி, தெருச் செய்தி எல்லாம் அக்காவின் தணிக்கை முடிந்துதான் அங்கே வெளியாகும். விருந்தாளிகள் சண்டை போட்டுக்கொண்டு கிளம்பினாலும், ‘சந்தோஷமாகப் போனார்கள்’ என்றுதான் பதிவாகும்.

இந்த ஆட்சியில் மண்ணைப் போட, சேவை மையத்திலிருந்து ஓர் உதவியாளப் பெண் வந்து சேர்ந்தாள். கடைக்கும் வங்கிக்கும் அவரைக் கூட்டிப் போனாள். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். அவர் உட்கார்ந்திருக்கும்போது பின்னால் நின்று, முதுகில் விரலால் ஏதேதோ கோடு இழுத்தாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அக்காவுக்கு வயிறு பற்றி எரிந்தது. அவள் எழுதிய எதற்கும் தம்பி அப்படிச் சிரித்ததில்லை. போதாததற்கு, தொழிற்சாலைப் பக்கமாக அறை எடுத்துத் தனியாக இருக்கப் போவதாகவும் சொல்லிவிட்டார்.

அக்கா முகத்தால் போர் தொடுத்தாள். தம்பிக்குத் தெரியாது என்கிற தைரியத்தில், காபியை வைக்கும்போதெல்லாம் உதவியாளப் பெண்ணைப் பார்த்து உதட்டைச் சுழித்துப் பழிப்புக் காட்டினாள். மூன்றாம் முறை, பெண்ணின் விரல் முதுகில் ஓடியது.

“என்னக்கா, பழிப்புக் காட்டுறியாமே?” என்றார் தம்பி.

அக்கா அவள் பக்கம் திரும்பினாள். “கோள் சொல்லத்தான் உனக்குச் சம்பளமா?”

“கோள் இல்லக்கா. இந்த ரூம்ல என்ன நடந்தாலும் அத அவருக்குச் சொல்லணும், அதான் வேலை. நீங்க சிரிச்சா அதையும் சொல்லுவேன். இதுவரைக்கும் அதுக்கு வழியில்லாமப் போச்சு.”

தம்பி டம்ளரைத் தடவி எடுத்தார். “நீ எப்பவும் சிரிச்ச மூஞ்சியா இருக்கேன்னுல்ல நெனச்சிட்டிருந்தேன். நீயும் இந்த முதுகு பாஷையக் கத்துக்கயேன்க்கா.”

கற்றுக்கொண்டாள். ஆசையில் அல்ல, வீம்பில். தம்பி தனி அறைக்குக் குடிபோன அன்று முதல் ஆளாகப் போய் நின்று, உதவியாளப் பெண்ணை ஓரமாக உட்காரச் சொல்லிவிட்டு, தம்பி முதுகில் தன் விரலால் முதல் செய்தியை வெளியிட்டாள்: ‘இவள் வாயைத் திறந்து கொட்டாவி விடுகிறாள்.’

தம்பி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அந்தப் பெண் சிரிக்கவைத்ததைவிட இது ஒரு பிடி கூடுதல் என்று அக்கா இன்றைக்கும் தெருவில் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.