பிச்சாட்டூரில் கடைசி ஊசி

பிச்சாட்டூர் பேருந்து நிலையம். மலேசியாவிலிருந்து தன்னார்வச் செவிலியாக வந்த எனக்கு இங்கே இன்று கடைசி நாள். வழியனுப்ப வந்த செல்வி, சர்க்கரை நோயுள்ள தன் எட்டு வயது மகளோடு இன்சுலினும் கொண்டு வந்திருக்கிறாள்.

“இன்னிக்கு ஒரு நாளு நீயே போட்டுட்டுப் போ சிஸ்டர். எனுக்குக் கை நடுங்கிக்கினே கீது.”

“நாளைக்கு யார் போடுவா? நீங்களே போடுங்க.”

மருந்தை ஊசியில் ஏற்றுகிறாள். அளவைவிட இரண்டு கோடு அதிகம். தடுக்கக் கையை நீட்டும்போது, அவளே ஊசியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, கூடுதல் மருந்தை வெளியேற்றிவிட்டு மகளுக்குப் போடுகிறாள்.

“கரெக்டா கீதா சிஸ்டர்?”

தலையாட்டி, அவளைக் கட்டிக்கொள்கிறேன்.

திருப்பதி பஸ் கிளம்புகிறது. “தினமும் ஊசியைத் தூக்கிப் பாருங்க!” என்று ஜன்னல் வழியாகக் கத்துகிறேன். ஹாரன் சத்தத்தில் அவளுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை.