குளோரி கையெழுத்திடாத தாள்

செவ்வாய்க்கிழமை காலை மில்லர்புரத்தில் பேருந்துக்கு நின்றிருந்தபோது குளோரியின் கணவர் டேனியல் அழைத்தார். "குளோரி போயிட்டாக்கா" என்றார். ஏழு மாதமாகச் சிகிச்சையில் இருந்தவள்தான். ஆனாலும் பேருந்து வந்து போனதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

நாசரேத்துக்காரியான குளோரியும் நானும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். கன்டெய்னர்களை அடுக்கிவைக்கும் துறைமுக யார்டில் ஓர் இடத்துக்கு எந்தக் கன்டெய்னர் என்பதை ஐந்து சர்வர்கள் கலந்து முடிவு செய்யும் மென்பொருள் எங்களுடையது. ஒன்றிரண்டு சர்வர்கள் செயலிழந்தாலும் முடிவு மாறக்கூடாது, கிரேனும் காத்திருக்கக்கூடாது. அவள் நினைவாக இங்கே கூடியிருக்கும் உங்களில் பலர் அப்போது எங்கள் கூடவே வேலை பார்த்தீர்கள்.

தலைமை சர்வருக்காகக் காத்திராமல், நான்கு சர்வர்கள் ஒரே பதிலைச் சொன்னால் அதையே முடிவாக எடுக்கும் வேகமுறையைக் குளோரி எழுதினாள். இரண்டு சர்வர்கள் அடிக்கடி தாமதித்ததால், மூன்று போதும் என்றார் மேலாளர். ஐந்தில் மூன்று பெரும்பான்மைதானே என்று நானும் ஒப்புதல் தாளில் கையெழுத்திட்டேன். குளோரி மறுத்தாள்.

"ஏளா, அந்த மூணுல ரெண்டு செத்துட்டா, மிச்சமிருக்க ஒண்ணோட பேச்சு எடுபடுமா?" என்று கேட்டாள். மற்ற இரண்டும் வேறு கன்டெய்னரைச் சொல்லியிருந்தால், மிஞ்சிய மூன்றில் அவைதான் பெரும்பான்மை. முதல் முடிவை நம்பிக் கிரேன் ஏற்கெனவே கிளம்பியிருக்கும் என்றாள். "கீழ ஆளு நிப்பாம்லா."

நான் யோசிக்கவே இல்லை. இவளுக்குத் தன் பெயர் நிலைக்க வேண்டும், அவ்வளவுதான் என்று கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னேன். அவள் தன் நோட்டை மூடினாள். மறுவாரம் அவளை வேறு வேலைக்கு மாற்றினார்கள்.

சோதனை ஓட்டத்தில் இரண்டு சர்வர்களின் இணைப்பைத் துண்டித்தபோது, ஒரே இடத்துக்கு இரண்டு கன்டெய்னர்கள் வந்தன. நல்லவேளை, கீழே ஆள் யாரும் இல்லை; கிரேன் ஓட்டுநர் நிறுத்திவிட்டார். குளோரியைத் திரும்ப அழைத்தார்கள். வந்தவள் மூன்றை மறுபடி நான்கு என்று திருத்தி, திருத்தியவர்கள் என்ற இடத்தில் தன் பெயரோடு என் பெயரையும் சேர்த்தே அனுப்பினாள். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. பிறகு கேட்கலாம் என்றே வருடங்கள் போயின.

அடக்கம் முடிந்ததும் டேனியலிடம் இதைச் சொன்னேன். அவர் சொன்னார்:

"எதிர்பார்த்தாக்கா. ரெண்டு வருசம் போல. அப்புறம் விட்டுட்டா."

அவளுடையதாக என்னிடம் இருப்பது, அவளிடம் சேராமல் போன அந்த மன்னிப்பு வார்த்தைதான். அன்று அந்தக் கூட்டத்தில் இருந்த உங்கள் முன்னால் அதைச் சொல்கிறேன்: குளோரி, நீ சொன்னதுதான் சரி. என்னை மன்னித்துவிடு.