பளபளக் கோட்டும் பன்னிரு கண்ணனும்

போன தைக் கிருத்திகைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் முகத்தில் நெருப்பு அடித்தது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. முருகன் எனக்குச் செய்ததை இந்த வெள்ளிக்கிழமை பூஜையில் சொல்லச் சொன்னீர்கள். கோபத்தோடுதான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கெலவரப்பள்ளி அணைக்குப் போகிற வழியில் ஒரு பொழுதுபோக்குப் பூங்கா. அங்கே நிஜமான நீராவி ரயில் விட்டார்கள். கம்பெனியில் பாய்லர் பார்த்த இவருக்கு, இன்ஜினில் நிலக்கரி அள்ளிப் போடும் வேலை கிடைத்தது. நெருப்புக்கு முன்னால் நிற்கிற மனிதனுக்கு என்ன உடுப்பு கொடுத்தார்கள் தெரியுமா? தங்க நிறப் பொத்தான் வைத்த பாலியஸ்டர் கோட்டு! ஜனங்கள் செல்ஃபி எடுக்க எடுப்பாக இருக்க வேண்டுமாம். தோல் கையுறை கேட்டதற்கு மேனேஜர், "வெள்ளைக் கிளவுஸ் குடுத்திருக்குதில்ல, அதப் போடுங்க" என்றாராம். பேண்டு வாத்தியக்காரர் போடுகிற கிளவுஸ்! வாயில் நல்லா வருகிறது எனக்கு.

ரயில் போகிற வழியில் சிமெண்டில் கட்டிய ஒரு குகை. அதற்குள் ரயிலை நிறுத்தி, போட்டோவுக்காக இன்ஜின் அடுப்புக் கதவைத் திறந்து வைக்க வேண்டும் என்பது மேனேஜர் உத்தரவு. புகை போக வழியில்லாத இடத்தில் நிறுத்தினால் நெருப்பு கதவு வழியாகத்தான் பாயும். "திருப்பி அடிக்கும் சார்" என்று இவர் எத்தனையோ தடவை சொன்னார். யார் கேட்டார்கள்? அன்று அடித்துவிட்டது.

கோட்டு உருகிக் கையோடு ஒட்டிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் கத்தரித்து எடுத்தார்கள். கண் இரண்டும் வீங்கி மூடிவிட்டன. "வீக்கம் வடிஞ்சாத்தான் பார்வை பத்திச் சொல்ல முடியும்மா" என்றார் டாக்டர். மேனேஜர் ஆப்பிளோடு வந்து, "எல்லாம் கடவுள் செயல்" என்றார். அந்தப் பையை அவர் கையிலேயே திணித்து அனுப்பினேன்.

ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்து முருகனைத் திட்டினேன். ஆமாம், திட்டினேன். "உனக்குப் பன்னண்டு கண்ணு இருக்குடா. என் புருஷனுக்கு இருக்கறது ரெண்டே ரெண்டு. அதையும் புடுங்கிக்குவியா?" பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் கிடந்தேன்.

கண் கட்டைப் பிரித்த காலையில் இமை மெல்ல விலகியது. என்னையே பார்த்தார். "என்ன புள்ள, பேயாட்டம் இருக்கற? சாப்ட்டியா?" என்றார். ஐயோ, என்னப்பனே! அங்கேயே தரையில் விழுந்து கும்பிட்டேன்.

கண்ணைக் கொடுத்தவன் முருகன். கோட்டைக் கொடுத்தது மேனேஜர். அந்தப் பழியை என் சாமி தலையில் கட்ட விடுவேனா? உருகின கோட்டை எடுத்துப்போய், பூங்கா வாசலில் டிக்கெட்டுக்கு நின்ற ஜனங்கள் முன்னால் விரித்துப் பிடித்தேன். பார்த்தவர்கள் டிக்கெட் வாங்காமல் திரும்பினார்கள்; ரயில் ஓட்டம் நின்றது. கனத்த பருத்தி உடுப்பும் தோல் கையுறையும் வந்த பிறகுதான் மறுபடி ஓடுகிறது. குகைக்குள் இப்போது யாரும் நிறுத்துவதில்லை. இவருக்குக் கை இன்னும் முழுசாக மடங்கவில்லை.

நம் வெள்ளிக்கிழமை பூஜையில் விபூதித் தட்டுக்குப் பக்கத்தில் தனியாக ஓர் அகல் எரிகிறதே, அது இதற்காகத்தான். உங்கள் வீட்டு ஆள் போட்டுப் போகிற யூனிஃபாரத்தில் ஒரு நூலை உருவிக்கொண்டு வந்து அதில் காட்டுங்கள். சாம்பலானால் பருத்தி. உருகி மணியாகத் திரண்டால் பாலியஸ்டர்; அதைப் போட்டு நெருப்புப் பக்கம் அனுப்பாதீர்கள். முருகனைக் கூப்பிடுங்கள், வருவான், எனக்கு வந்தான். நூல் உருகினால் என்னையும் கூப்பிடுங்கள். கம்பெனி வாசலுக்கு நானும் வருகிறேன்.